தோற்ற படத்துக்கு இரண்டாம் ஆட்டம்

பழைய படங்களைத் தூசி தட்டிப் புது மெருகு கொடுத்துத் திரும்பவும் கொட்டகைகளுக்கு அனுப்புவது தமிழ்நாட்டில் இப்போது ஒரு தனி வியாபாரமாகவே ஆகிவிட்டது. அதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. 1964ஆம் வருஷம் பொங்கலுக்கு வந்த ‘கர்ணன்’ 2012ஆம் வருஷம் மார்ச்சு மாதம் மறுபடியும் வந்தபோது, தாத்தாவும் பேரனும் கைகோத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். 2004இல் வந்த ‘கில்லி’ 2024 ஏப்ரலில் திரும்பி வந்தபோது, கொட்டகைக்குள் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடினார்கள். பெயர் வாங்கிய படம் இன்னொரு முறை பெயர் வாங்குவதில் அதிசயப்பட என்ன இருக்கிறது?

நான் பேச வந்தது வேறு வகைப் படங்களைப் பற்றி. வந்த காலத்தில் தோற்றுப்போய், முதலாளியின் கையைக் கடித்து, விநியோகஸ்தரைக் கண்கலங்க வைத்து, பெட்டிக்குள் போய் முடங்கிய படங்களைப் பற்றி. அவையும் இப்போது திரும்பி வருகின்றன. அப்படித் தோற்ற ஒரு படத்துக்கு இருபது வருஷத்துக்கு மேலாக ரசிகனாக இருந்தவன் நான். அது திரும்பி வந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷமும் நிஜம். அது திரும்பி வந்த கோலத்தைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட ஆத்திரமும் நிஜம். இரண்டையும் ஒளிக்காமல் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில், சுரபி ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் குச்சனூர். சனீஸ்வர பகவான் சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் ஊர் என்று பெயர். ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் வந்து பாருங்கள், எள் விழ இடம் இராது. அந்தக் கூட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருப்பவர்கள் சொற்பம். வியாபாரம் நொடித்தவன், வழக்கில் தோற்றவன், பெண்ணுக்கு வரன் தேடிச் செருப்புத் தேய்ந்தவன், வேலை போனவன், இவர்கள்தாம் எள் தீபம் ஏற்றவும் காக்கைக்குச் சோறு வைக்கவும் வருகிறவர்கள். ‘முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை’ என்ற பழமொழியை நம்பி வருகிறார்கள். சனி வானத்தை ஒரு முறை சுற்றி வரச் சற்றேறக்குறைய முப்பது வருஷம் ஆகிறது. முதல் சுற்றில் பிடிப்பது மங்கு சனி என்றும், அடுத்த சுற்றில் பிடிப்பது பொங்கு சனி என்றும் எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். ஜோசியத்தில் எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு விஷயம். ஆனால் தோற்றவனுக்கும் ஒரு சுற்று பாக்கி இருக்கிறது என்ற அந்த எண்ணம் இருக்கிறதே, அது மனுஷத்தனமான எண்ணம். அந்த எண்ணம் காற்றிலேயே கலந்திருக்கிற ஊரில் வளர்ந்தவன் நான்.

ஆனால் ஒன்று. “உனக்குப் பொங்கு சனி ஆரம்பமாகிவிட்டது, ஆகவே உன் வலது காலை வெட்டி வைத்துவிட்டு வா, நல்ல காலம் தருகிறேன்” என்று எந்த ஜோசியரும் எவனிடத்திலும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. தோற்ற படங்களிடத்தில் நம் சினிமா முதலாளிகள் சொல்லுவது கிட்டத்தட்ட அதுதான்.

நான் சொல்லும் படம் ‘ஆளவந்தான்’. 2001ஆம் வருஷம் நவம்பரில் வந்தது. கலைப்புலி தாணு தயாரித்தார். சுரேஷ் கிருஷ்ணா டைரக்ட் செய்தார். கதையும் திரைக்கதையும் கமல் ஹாசனுடையவை, இரட்டை வேஷமும் அவரே. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் ராணுவ அதிகாரி. மற்றவன் நந்து, மனநோய் விடுதியில் சங்கிலியோடு இருக்கிறவன். சிற்றன்னையின் கொடுமையில் நசுங்கிப்போன ஒரு குழந்தை, வளர்ந்த பிறகும் எதிரில் வரும் பெண்ணிடத்தில் அந்தச் சிற்றன்னையையே கண்டு கொல்லத் துடிக்கிறது என்பதுதான் கதை. அதன் வேர், ‘இதயம் பேசுகிறது’ பத்திரிகையில் 1980களில் கமல் ஹாசன் எழுதிய ‘தாயம்’ என்ற தொடர்கதை. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தப் படத்தின் மேல் ஒட்டுதல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பத்திரிகைக் காகிதத்தில் பிறந்த ஒரு பைத்தியக்காரன் வெள்ளித் திரை வரைக்கும் நடந்து வந்துவிட்டான் அல்லவா?

அந்தப் படம் வந்தபோது நான் கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, மேலே படிக்காமல் கதை எழுதுகிறேன் என்று திரிந்துகொண்டிருந்தேன். சின்னமனூரில் ஒரு கொட்டகையில் பார்த்தேன். முதல் மூன்று நாள் கூட்டம் நெரிந்தது. இரண்டாவது வாரம் திரும்பவும் போனேன். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். ஜனங்களைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. தீபாவளிச் சமயத்தில் பிள்ளை குட்டிகளோடு சிரிக்கப் போனவர்களுக்கு, கொலை செய்கிற இடத்தில் திடீரென்று திரையே கார்ட்டூனாக மாறினால் என்ன தோன்றும்? குழந்தைகள் அழுதன, பெரியவர்கள் எழுந்து போனார்கள். ஆனால் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பைத்தியக்காரனின் தலைக்குள் இருப்பதை வெளியிலிருந்து காட்டாமல், நம்மைப் பிடித்து அந்தத் தலைக்குள்ளேயே தள்ளிக் கதவைச் சாத்திய தமிழ்ப் படம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காட்சித் தந்திரங்களுக்காக அதற்குத் தேசிய விருது கிடைத்தது. விருது வந்ததே தவிர வசூல் வரவில்லை. முதலாளிக்குப் பெரிய நஷ்டம் என்பது ஊரறிந்த சங்கதி.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல், அந்தப் படத்தைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் “அதுவா, அது ஓடாத படமாச்சே!” என்ற ஒரே பதிலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓடாத படத்துக்கு ரசிகனாக இருப்பது ஒரு தனி அனுபவம். ஓடிய படத்துக்கு ரசிகனாக இருந்தால் கூட்டத்தில் ஒருவனாக இருக்கலாம். ஓடாத படத்துக்கு ரசிகனானால், தறுதலைப் பிள்ளைக்குத் தகப்பன் மாதிரி, போகிற இடமெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

2023ஆம் வருஷம் டிசம்பர் 8ஆம் தேதி ‘ஆளவந்தான்’ மறுபடியும் வெளிவந்தது. செய்தியைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொன்னால் சிரிக்காதீர்கள். இதற்காகவே மதுரைக்குப் பஸ் ஏறிப் போனேன். கொட்டகையில் பாதிக்கு மேல் ஆள் இருந்தது. அவர்களில் பலர், படம் முதலில் வந்தபோது பிறந்தே இராதவர்கள். நந்து திரையில் வந்ததும் அவர்கள் எழுப்பிய ஆரவாரத்தைக் கேட்டு என் கண் நனைந்துவிட்டது. அன்றைக்குப் பதினொரு பேராக இருந்தவர்கள் இன்றைக்கு இத்தனை பேரா என்று நெஞ்சு பொங்கியது.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஏதோ சரியில்லை என்று பட்டது. தெரிந்த தெருவில் நடந்து போகும்போது, ஒரு வீட்டை இடித்துவிட்ட இடத்தில் கால் தடுக்குமே, அந்த மாதிரி. அடுத்து இது வரும் என்று மனம் காத்திருக்கும், அது வராது, வேறொன்று வந்து நிற்கும். வெளியே வந்து விசாரித்தபோதுதான் விஷயம் விளங்கியது. முதலில் மூன்று மணி நேரத்துக்கு இரண்டு நிமிஷமே குறைவாக ஓடிய படத்தை, இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிற அளவுக்கு வெட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரப் படம் காணாமற் போயிருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு!

‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, விறுவிறுப்பாக்கினோம்’ என்பது இதற்குச் சொல்லப்படும் முதல் சமாதானம்.

சரி, ஒரு கேள்வி கேட்கிறேன். இந்தப் படத்தைக் கொண்டாடுகிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லுவது என்ன? ‘இது காலத்தை முந்திக்கொண்டு வந்த படம், அன்றைய ஜனங்களுக்குப் புரியவில்லை’ என்பது. வாஸ்தவம் என்றே வைத்துக்கொள்வோம். முந்தி வந்த படத்தைக் காலம் இப்போது எட்டிப் பிடித்துவிட்டது என்றால் கத்தரிக்கோலுக்கு என்ன வேலை? காலம் இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை என்றால் மறு வெளியீட்டுக்கு என்ன அவசரம்? ‘அன்று நீங்கள் செய்த தீர்ப்புத் தப்பு’ என்று ஜனங்களைப் பார்த்து ஒரு வாயால் சொல்லுகிறார்கள். ‘அன்று நீங்கள் தீர்ப்புச் சொன்னபடியே, இதோ குறைத்துவிட்டோம்’ என்று இன்னொரு வாயால் சொல்லுகிறார்கள். இரண்டில் எது நிஜம்? தோற்றதற்காகப் படத்தைத் தண்டித்துவிட்டு, அந்தத் தண்டனைக்கே கௌரவம் என்று பெயர் சூட்டுகிறார்கள்.

இதே யோசனை ஏ.வி.எம். நிறுவனத்தின் ‘அந்த நாள்’ படத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1954ஆம் வருஷம் எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்தது. ஒரு படத்தில் ஒரு டஜன் பாட்டாவது இருந்தால்தான் படம் என்றிருந்த காலத்தில், பாட்டே இல்லாமல் வந்தது. டிக்கெட்டு வாங்கியவர்கள் பாட்டு எங்கே என்று கேட்டார்கள்; படம் வசூலில் சோடை போயிற்று. இன்று அதைத் தமிழ்ப் படங்களின் முதல் வரிசையில் வைக்கிறோம். அன்று குறை என்று சொன்னதே இன்று அதன் பெருமை. ‘ஜனங்கள் கேட்டார்கள்’ என்று யாராவது ஒரு புண்ணியவான் நடுவில் நாலு பாட்டைச் செருகி அதை மறுபடி வெளியிட்டிருந்தால், பெருமைப்பட நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? ஒரு தோல்வியின் காரணம் அதன் குற்றமாகவும் இருக்கலாம், குணமாகவும் இருக்கலாம். எது எது என்று தெரிவதற்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தைக் கொடுக்காமல் கத்தரியைக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

‘பணம் போட்டவர் அவர், படம் அவருடைய சொத்து, தம் சொத்தை அவர் வெட்டுவார், ஒட்டுவார், உமக்கென்ன?’ என்பது இரண்டாவது சமாதானம். சட்டப்படி இது சரியாகவே இருக்கலாம். வயல் அவருடையது, வரப்பை வெட்டுகிறார். ஆனால் கலை விஷயத்தில் சட்டத்தோடு பேச்சு முடிந்துவிடுவதில்லை.

இதிலும் தராதரம் உண்டு. ‘பாபா’ என்ற படம் 2002ஆம் வருஷம் ஆகஸ்டு 15ஆம் தேதி வந்தது. அதையும் சுரேஷ் கிருஷ்ணாவேதான் டைரக்ட் செய்தார். கதை, திரைக்கதை ரஜினிகாந்த், தயாரிப்பும் அவரே. அது தோற்றது. நஷ்டப்பட்டவர்களுக்கு அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதே படத்தை 2022ஆம் வருஷம் டிசம்பரில், தாமே புதிதாகக் குரல் கொடுத்து, நீளத்தைக் குறைத்து, முடிவையும் மாற்றி வெளியிட்டார். எனக்கு அதுவும் உவப்பாக இல்லை. ஆனாலும் எழுதியவன் தன் எழுத்தைத் தானே திருத்துகிறான் என்று ஒரு நியாயம் அதற்கு உண்டு. தொடர்கதையாக வந்ததைப் புத்தகமாகப் போடும்போது நாங்களும் அங்கங்கே கை வைக்கிறவர்கள்தாமே?

இன்னொரு கோடியைப் பாருங்கள். தனுஷ் நடித்த ‘ராஞ்சணா’ என்ற இந்திப் படம் 2013இல் வந்தது. தமிழில் அதற்கு ‘அம்பிகாபதி’ என்று பெயர். கதாநாயகன் சாகிற முடிவு. அந்தத் தமிழ்ப் பிரதியை 2025ஆம் வருஷம் ஆகஸ்டு 1ஆம் தேதி மறுபடி வெளியிட்டபோது, படத்துக்கு உரிமை பெற்ற கம்பெனி செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைக் கொண்டு அந்த முடிவையே மாற்றிவிட்டது. செத்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்! டைரக்டர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார், தனுஷும் பகிரங்கமாக எதிர்த்தார். எதிர்ப்பையும் மீறிப் படம் ஓடியது. அது தோற்ற படமுமல்ல, பேர் சொன்ன படம். ‘சொத்து என்னுடையது’ என்ற வாதத்தை அதன் எல்லை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனால் எந்த இடத்தில் போய் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. முதலில் நீளம் அதிகம் என்றார்கள். பிறகு முடிவு சோகம் என்பார்கள். அப்புறம் கதாநாயகிக்கு மூக்கு சரியில்லை என்பார்கள். இயந்திரம் எதையும் மாட்டேன் என்று சொல்லாது.

என் சொந்த விஷயம் ஒன்றையும் இங்கே சொல்லுகிறேன். என் முதல் நாவல் விற்கவில்லை. ஐந்நூறு பிரதி அச்சிட்டு, பாதிக்கு மேல் பரண் ஏறியது. பிற்பாடு என் பெயர் கொஞ்சம் பரவிய பிறகு ஒரு பதிப்பாளர் வந்து, அதை மறுபடி போடலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. “ஆனால் நூறு பக்கம் குறைத்துக் கொடுங்கள், நடுவில் அந்தக் கிழவியின் கதை எதற்கு?” என்று கேட்டார். அந்தக் கிழவிக்காகத்தான் நான் அந்த நாவலையே எழுதினேன். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மறு பதிப்பு வராமற் போயிற்று. பரணில் முழுசாகக் கிடக்கிற புத்தகம், கடையில் முடமாக நிற்கிற புத்தகத்தைவிட மேல் என்று அன்றும் நினைத்தேன். இன்றும் அதையேதான் நினைக்கிறேன்.

மூன்றாவது சமாதானத்தைச் சொன்னவன் என் அக்காள் மகன். தேனியில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடியோ விளையாட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான்.

“ஏன் மாமா, நேத்து வரைக்கும் அந்தப் படத்தை எவனும் பாக்கலன்னு அழுதீங்க. இப்ப எல்லாரும் பாக்குறாங்கன்னாலும் அழுறீங்களே! ஒண்ணுமே வராம இருக்குறதுக்கு, பாதி வந்தா நல்லதுதான?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பதிலை அவனே இன்னொரு நாள் அறியாமற் கொடுத்துவிட்டான். ஜப்பான் தேசத்து நின்டெண்டோ கம்பெனியின் சமாசாரம் ஒன்றை எனக்குச் சொன்னான். 1995ஆம் வருஷம் அந்தக் கம்பெனி ‘வர்ச்சுவல் பாய்’ என்று ஒரு விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்ததாம். மேஜைமேல் கால் ஊன்றி நிற்கும் ஒரு பெட்டி. அதற்குள் இரண்டு கண்ணையும் புதைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். கறுப்புத் திரையில் எல்லாம் ஒரே சிவப்பாக, ஆனால் ஆழம் தெரிகிற மாதிரி உருவங்கள் ஓடும். ‘கேம் பாய்’ என்ற பெயர்போன கருவியைப் படைத்த குன்பெய் யோகோய் என்பவரின் கைவேலை அது. வாங்கியவர்கள் தலை வலிக்கிறது, கழுத்து வலிக்கிறது என்றார்கள். ஒரு வருஷத்துக்குள் கடை கட்டிவிட்டார்கள். மொத்தம் 22 விளையாட்டுகளோடு அதன் ஆயுள் முடிந்தது. முப்பது வருஷம் கழித்து, 2025 செப்டம்பரில், அந்த விளையாட்டுகளைத் திரும்பக் கொண்டுவரப் போவதாக அதே கம்பெனி அறிவித்தது. சனீஸ்வரர் கணக்குப்படி சரியாக ஒரு சுற்று!

இதில் என் காது நிமிர்ந்தது எங்கே தெரியுமா? அவற்றைச் சாதாரணத் திரைக்கு ஏற்ற மாதிரி மாற்றி, தலைவலி சமாசாரத்தை மறைத்துவிட்டு விற்பதுதான் சுலபம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பழைய பெட்டியின் அச்சிலேயே ஒரு கூடு செய்து, இதற்குள் கண்ணைப் புதைத்துப் பாருங்கள் என்று நூறு டாலர் விலை வைத்தார்கள். இல்லாதவர்களுக்கு இருபத்தைந்து டாலரில் அட்டைக் கூடு. “காசு புடுங்குறானுங்க மாமா” என்றான் பையன். புடுங்கத்தான் செய்கிறார்கள், வியாபாரி தர்மம் செய்ய வரவில்லை. அன்று எவரும் சீண்டாததை இன்று இத்தனை விலைக்கா என்று எரிச்சலும் வரும். ஆனாலும் ‘இதுதான் அன்று நாங்கள் செய்தது, இப்படித்தான் அது தோற்றது, நீயே பார்த்துச் சொல்’ என்று தங்கள் தோல்வியை அதன் உருவத்தோடேயே முன்னால் வைக்கிற நேர்மை இருக்கிறதே, அதற்குக் காசு கொடுக்கலாம். “மாப்பிள்ளை, பாதியா வந்தாப் போதுமான்னு கேட்டியே, அவன் பாதியாவா கொண்டாந்தான்?” என்றேன். பையன் பேசாமல் பெட்டியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ஜப்பானுக்கெல்லாம் ஏன் போக வேண்டும்? நம் வீட்டிலேயே இதற்கு முறை வகுத்து வைத்திருக்கிறார்கள். உ.வே. சாமிநாதையர் 1887ஆம் வருஷம் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்கள். யார் இதைப் பொறுமையாகப் படிப்பார்கள் என்று எண்ணி ஆயிரம் செய்யுளை எடுத்துவிட்டு அச்சுக்குக் கொடுத்தாரா? ஊர் ஊராக அலைந்து ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டார். பாடபேதம் கண்ட இடங்களைக் குறித்து வைத்தார். ‘இப்படியும் ஒரு பாடம் உண்டு’ என்று வாசகனுக்குச் சொல்லிவிடுவதுதான் பதிப்பு தர்மம். பாடபேதம் இருப்பது குற்றமல்ல, அதை மறைப்பதுதான் குற்றம்.

சினிமாவிலும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1982இல் அமெரிக்காவில் வசூலில் தோற்ற படம் ‘பிளேட் ரன்னர்’. அதைப் பல வருஷங்களில் பல விதமாகத் திருத்தினார்கள். ஆனால் 2007இல் டைரக்டர் தம் கடைசித் திருத்தத்தை வெளியிட்டபோது, பழைய பிரதிகளையும் சேர்த்து ஐந்து விதப் பிரதிகளையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். எது நல்லது என்பதை நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். உதய சங்கரின் ‘கல்பனா’ சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த படம், 1948இல் வந்தது, பணம் பார்க்கவில்லை. இரண்டரை மணி நேர நாட்டியப் படம் என்று ஒதுக்காமல், இத்தாலி தேசத்துப் பொலோஞா நகரத்தில் அதை முழுசாகச் செப்பனிட்டு, 2012இல் கான் பட விழாவில் திரையிட்டார்கள். ‘ஷோலே’ படத்தின் முடிவைத் தணிக்கைக்காரர்கள் 1975இல் மாற்ற வைத்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து 2025இல் மறுபடி வெளியிட்டபோது, முதலில் எடுத்த முடிவையே திரும்பச் சேர்த்தார்கள். மறு வெளியீடு என்றால் அதுவல்லவா மறு வெளியீடு! இழந்ததைத் திரும்பக் கொடுப்பது அது. இருந்ததையும் பறித்துக்கொள்வது நம்முடையது.

‘முழுப் படம் பழைய குறுந்தகட்டில் இருக்கிறதே, வீட்டில் போட்டுப் பாரும்’ என்பார்கள். குறுந்தகடு எத்தனை வருஷம் இருக்கும்? அதை ஓட்டும் இயந்திரம் இப்போதே எத்தனை வீட்டில் இருக்கிறது? தமிழ் சினிமாக்காரர்களுக்கு நான் ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ தென்னாட்டின் முதல் கதைப்படம். அது இன்று இல்லை. 1931ஆம் வருஷம் அக்டோபர் மாதம் வந்த ‘காளிதாஸ்’ தமிழ் பேசிய முதல் படம். அதுவும் இன்று இல்லை. அவற்றை யாரும் வேண்டுமென்று கொல்லவில்லை. ‘யாரிடமாவது ஒரு பிரதி இருக்கும்’ என்று எல்லோரும் சும்மா இருந்தார்கள், அவ்வளவுதான். கொட்டகையில் ஓடுகிற பிரதிக்குத்தான் செப்பனிடும் செலவும் சிரத்தையும் கிடைக்கின்றன. வெட்டி எறிந்த ஒரு மணி நேரத்துக்கு யார் மெருகு போடப் போகிறார்கள்? இன்னும் முப்பது வருஷம் கழித்து ஒரு பையன் ‘ஆளவந்தான்’ என்று கேட்டால், அவன் கைக்குக் கிடைப்பது எது?

முதலாளிகளை மட்டும் ஏசிவிட்டு ரசிகர்களை விட்டுவிட நான் தயாரில்லை. கைதட்டல் அவர்களுக்குத் தைரியம் கொடுக்கிறது. நம்மில் பலருக்குப் படம் வேண்டியதில்லை. படத்தைப் பற்றிய ஞாபகம்தான் வேண்டியிருக்கிறது. நாலு வசனம், இரண்டு பாட்டு, கதாநாயகன் திரும்பிப் பார்க்கிற ஒரு பார்வை, இவை வந்தால் கத்திவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். இடையில் என்ன போயிற்று என்று கேட்பதில்லை. அந்தக் காலத்தில் டூரிங் கொட்டகையில் பழைய படம் போட்டால் ‘புத்தம் புதிய காப்பி’ என்று சுவரொட்டியில் அச்சடிப்பார்கள். ஒரு ரீல் குறைந்தாலும் பெஞ்சு டிக்கெட்டுக்காரன் ‘ரீலைக் காணோம்டா’ என்று விசிலடிப்பான். இன்று முந்நூறு ரூபாய் கொடுத்துச் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருக்கிற நமக்கு, ஒரு மணி நேரம் காணாமற் போனதுகூடத் தெரிவதில்லை. தெரிந்தாலும் விசில் வருவதில்லை.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. குறைத்துத்தான் வெளியிட வேண்டுமென்றால் வெளியிடுங்கள். ஆனால் ‘குறைக்கப்பட்ட பிரதி’ என்று சுவரொட்டியிலேயே அச்சிடுங்கள். டிக்கெட்டு வாங்குகிறவனுக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. நாலு காட்சியில் ஒரு காட்சி, அதுவும் வேண்டாம், ராத்திரி இரண்டாம் ஆட்டம் மட்டுமாவது முழுப் படத்தைப் போடுங்கள்; தூக்கம் கெட்டாலும் வருகிறவர்கள் வருவார்கள். குறைத்த பிரதியைச் செப்பனிடும்போதே முழுப் பிரதியையும் செப்பனிட்டு, 1964இலிருந்து புனாவில் இயங்கிவரும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் ஒன்றைக் கொடுத்து வையுங்கள். லட்சக்கணக்கில் செலவழித்து மெருகு போடுகிறவர்களுக்கு இது முடியாத காரியமா?

இன்னொரு தோற்ற படம் திரும்பி வருகிறது என்று செய்தி வந்தால் நான் மறுபடியும் பஸ் ஏறத்தான் போகிறேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் டிக்கெட்டுச் சன்னலில் முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: “முழுப் படமா?” நீங்களும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் சன்னலுக்குள் இருக்கிறவர் மானேஜரிடம் சொல்லுவார். நூறு பேர் கேட்டால் மானேஜர் முதலாளியிடம் சொல்லுவார். படம் தோற்றது என்ற செய்தி முதலாளிக்குப் போய்ச் சேர்ந்ததும் அதே சன்னல் வழியாகத்தானே!